நாலு காலும் பரப்பி கெடக்குற நாய்க்குட்டிய எழுப்பி நடக்க வைக்குறது எப்படி

போன ஆனி மாசம் எங்க வீட்டு நாய் அஞ்சு குட்டி போட்டுது. நாலு குட்டி 18, 20 நாளுல தத்தித் தத்தி எந்திரிச்சு நின்னுட்டு, ஒண்ணு மட்டும் நாலு காலையும் ரெண்டு பக்கமா பரப்பிக்கிட்டு ஆமை மாதிரி தரையில துழாவிக்கிட்டே கெடந்தது. அதுதான் இருக்கதுலயே குண்டு, பால் குடிக்க முந்திக்கிட்டு வரும், அதனால சீக்கா இருக்கும்னே எங்களுக்கு தோணல்ல. 25 நாள் ஆயாச்சு, நெஞ்சு தட்டையா பலகை மாதிரி ஆவுது, அப்போதான் பயந்து மாட்டாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் பாத்துட்டு இது ஸ்விம்மர் பப்பி, அதாவது நீந்துற மாதிரி கால பரப்பிக்கிட்டு கெடக்குற குட்டி, எலும்பு உடையல்ல, உணர்ச்சியும் இருக்கு, பயிற்சி குடுத்தா நடந்துரும், ஆனா இன்னைக்கே தொடங்கணும்னு சொன்னாரு. சொந்தக்காரங்க ரெண்டு பேரு கொண்டு எங்கயாவது விட்டுருன்னு சொன்னாவ. விடல்ல. இப்போ அது தென்ன மூட்டுல ஓணான விரட்டிக்கிட்டு நிக்கி.

இதே மாதிரி குட்டி வச்சுக்கிட்டு என்ன செய்யணும்னு தெரியாம இருக்கவங்களுக்காக நாங்க செஞ்சத அப்படியே எழுதுகேன்.

முதல்ல டாக்டர், அப்புறம்தான் பயிற்சி

கால் வராததுக்கு காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. வெறும் சோறும் பாலும், இல்லன்னா வெறும் இறைச்சி மட்டும் தின்னு வளர்ந்த குட்டிக்கு கால்சியம் குறைஞ்சு எலும்பு வளைஞ்சிரும், லேசா பிடிச்சாலே உடையும். டிஸ்டெம்பர்ங்குற வைரஸ் நோய் வந்தாலும் கால் இழுக்கும், உண்ணிக் காய்ச்சல்ல சோர்ந்து விழும், வண்டியில அடிபட்டு முதுகெலும்பு போயிருக்கும். இதுல சிலதுக்கு நீங்க காலப் பிடிச்சு நீட்டி மடக்கினா கூடுதல் கேடுதான். எக்ஸ்ரே எடுக்க வழியில்லன்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து போயிட்டு வர்ற தூரம்தான்.

தெருவுல கெடச்ச குட்டின்னா இத கட்டாயம் கவனிங்க: தாடை தொங்குது, எச்சில் வடியுது, தண்ணிய முழுங்க முடியல்ல, அதோட காலும் வரல்லன்னா அது வெறிநோயா இருக்கலாம். வாய்க்குள்ள விரல விடாதீங்க. கடியோ பிராண்டலோ பட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போய் ஊசி போட்டுருங்க, நாளைக்கு பாப்போம்னு வைக்காண்டாம்.

டைல்ஸ் தரையில இருந்து தூக்குங்க

என்னக் கேட்டா பாதி வைத்தியம் இதுதான். வழுக்குற தரையில குட்டி எப்படி காலூன்றும்? நாங்க வாசல்ல கெடந்த தும்பு (தேங்கா நார்) மிதியடிய கழுவி வெயில்ல காயவச்சு விரிச்சோம். நகம் அதுல பிடிச்சு நிக்கும். குத்துற மாதிரி இருந்தா மேல ஒரு சாக்கு, இல்லன்னா பழைய சாரத்த (லுங்கிய) இறுக்கி தைச்சுப் போடுங்க, சுருக்கம் விழாம பாத்துக்கிடணும். அடைமழை நேரத்துல தும்பு ஈரம் பிடிச்சு நாறும், அதனால ரெண்டு வச்சு மாத்தி மாத்தி போடுங்க.

கெடக்கும்போது கமுந்து கெடக்க விடாதீங்க, நெஞ்சு தட்டையாகுறது அதுலதான், மூச்சும் முட்டும். துவர்த்த (துண்ட) சுருட்டி ரெண்டு பக்கமும் அணை குடுத்து ஒருக்களிச்சு கெடத்துங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்க பக்கம் மாத்துங்க. மூத்திரம் பட்ட இடத்த வெந்நியில துணிய முக்கி துடைச்சு ஈரம் இல்லாம ஒத்தி எடுக்கணும், இல்லன்னா தோல் வெந்துரும்.

கால சேத்துக் கட்டுறது

விரிஞ்சு போற கால ஒரு அளவுக்குள்ள நிறுத்த எட்டு வடிவத்துல கட்டணும். முதல் தடவ டாக்டர் கட்டுறத பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க. பின்னங்கால்னா கணுவுக்குக் கீழ, பாதத்துக்கு மேல. முதல்ல பஞ்சு, அதுக்கு மேல மெத்துன்னு இருக்க எலாஸ்டிக் பேண்டேஜ். ரெண்டு காலும் ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது, சாதாரணமா ஒரு குட்டி நிக்கும்போது இருக்க இடைவெளி இருக்கணும். கட்டுக்குள்ள சுண்டு விரல் நுழையணும். நான் ரெண்டாவது தடவ இறுக்கிட்டேன், அந்திக்கு பாத்தா பாதம் வீங்கி ஜில்லுன்னு இருக்கு, உடனே அவுத்தோம். அதனால தினமும் நாலு தடவ பாதத்த தொட்டுப் பாருங்க, குட்டி வேகமா வளரும், ரெண்டு நாளுக்கு ஒருக்க அவுத்து புதுசா கட்டணும்.

பயிற்சி

ஒரேயடியா ஒரு மணி நேரம் செஞ்சு குட்டிய சலிக்க வைக்காதீங்க. அஞ்சு அஞ்சு நிமிஷமா ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ, இதுதான் பலன் தரும். காலம்பற சாயாவுக்கு தண்ணி வைக்கும்போது ஒண்ணு, பிள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பிட்டு ஒண்ணு, இப்படி வீட்டு வேலையோட சேத்துக்கிட்டா மறக்காது. வயிறு நிறைஞ்சிருக்கும்போது மட்டும் வேண்டாம்.

கைய சூடாக்கி பாதத்துல இருந்து தொடை வரைக்கும் மெதுவா தடவி விடுங்க. அப்புறம் ஒவ்வொரு காலா, சைக்கிள் மிதிக்குற மாதிரி மடக்கி நீட்டுங்க, 10 தடவ போதும். ஒரு கை மூட்டுக்கு மேல தாங்கணும், மறு கை கீழ பிடிக்கணும், போற அளவுக்குத்தான் போகணும், கத்தினா அங்கயே நிறுத்திரணும். பழைய மெது டூத் பிரஷ்ஷால உள்ளங்கால்ல லேசா உரசுங்க, கால உள்ள இழுக்கும், அந்த இழுப்புதான் அதுக்கு பயிற்சி. எங்க குட்டி நாலாவது நாள் வலது பின்னங்கால இழுத்துது, நான் அம்மைய கூப்பிட்டு காட்டி அழுதேன்.

அடுத்து நிக்க வைக்கணும். வயித்துக்கு அடியில துவர்த்த குடுத்து தூக்கி நாலு பாதத்தையும் உடம்புக்கு நேர் கீழ வச்சு கனம் கொஞ்சம் காலுக்கு போற மாதிரி தளர்த்துங்க, 5 எண்ணுற வரைக்கும், பிறகு 10, பிறகு 20. முன்னால பால் கிண்ணத்த வச்சா தானா எட்டும். விழுந்தா விழட்டும்னு விடாண்டாம், கை எப்பவும் அடியில இருக்கணும்.

நிக்கத் தொடங்கின பிறகு வெதுவெதுன்னு தண்ணி நிறைச்ச பெரிய டப்புல நெஞ்சளவுக்கு இறக்கலாம், தண்ணி கனத்த தாங்கிக்கும், கால் லேசா ஓடும். ரெண்டு நிமிஷம் போதும், தாடைக்கு அடியில ஒரு கை. எடுத்த உடனே துவட்டி சூடா வைக்கணும், குட்டிக்கு சட்டுன்னு குளிரு பிடிச்சிரும்.

தீனியும் மருந்தும்

குண்டு கூடக் கூட கால் தாங்காது. பால் மறந்த பிறகு சோறு கொஞ்சம், முட்டை, முள்ளு எடுத்த அவிச்ச சாளை (மத்தி மீன்) குடுக்கலாம், ஆனா இது மட்டுமே போதாது, குட்டிகளுக்குன்னு வர்ற தீனியும் சேக்கணும். கால்சியம் டானிக் டாக்டர் சொன்ன அளவுதான், கூடுனாலும் எலும்புக்கு கேடு. மனுஷங்க சாப்பிடுற வலி மாத்திரைய, பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் ஒண்ணையும் குடுக்காதீங்க, உயிருக்கே ஆபத்து.

எங்களுக்கு 9 நாள்ல முன்னங்கால ஊன்றிச்சு, மூணு வாரத்துல ஆடி ஆடி நடந்தது. ரெண்டு வாரம் செஞ்சும் ஒரு மாத்தமும் இல்லன்னா திரும்பவும் டாக்டர்ட்ட காட்டுங்க. நடக்கத் தொடங்கினதும் கடற்கரை மணல்ல விடணும்னு எனக்கு ஆசை, ஆனா ஊசி எல்லாம் முடியாம வெளிய விட்டா பார்வோங்குற வைரஸ் நோய் வந்துரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு மாசம் கழிஞ்சு ஒரு நாள் காலம்பற மணல் சூடாகும் முன்ன சொத்தவிளை கடற்கரைக்கு கொண்டு போனோம், அலைக்கு ரொம்ப தள்ளி இறக்கி விட்டேன், மணல்ல கால் புதைய புதைய பத்து நிமிஷம் நடந்துட்டு என் செருப்பு மேல வந்து படுத்துக்கிட்டு.