மண்டபத்துப் பூவும் மே மாத வேலூரும்

என் கொழுந்தன் கல்யாண மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்கிறவன். முகூர்த்தம் முடிந்து மேடையைப் பிரித்த கையோடு, பெயிண்ட் பக்கெட் நிறைய பூ வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஓசூர் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன், காம்போடு சம்பங்கி. எல்லாம் ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட் சூட்டில் நின்ற பூக்கள். முதல் வருஷம் அன்று சாயங்காலமே குப்பைக்குப் போனது. இப்போது ரோஜா ஐந்தாறு நாள் நிற்கிறது, கார்னேஷன் ஒரு வாரத்தைத் தாண்டுகிறது. கடையில் புதுசாக வாங்கினால் இன்னும் கூடவே நிற்கும்.

முதல் வருஷம் நான் செய்தது, பக்கெட்டைக் குழாயடியில் வைத்து மேலே மேலே தண்ணீர் விட்டது. வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா அண்ணி, பூவுக்குத் தலைக்கு ஊத்திக்கினு கீறீங்க?" இதழில் தங்குகிற தண்ணீர் பழுப்புப் புள்ளியாகி அழுகத்தான் உதவும். காம்போடு நறுக்கிய பூ தண்ணீர் குடிப்பது முக்கியமாகக் காம்பின் அடிவாயில். அந்த வாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முழு வேலையும்.

வாய் இரண்டு விதமாக அடைபடும். ஒன்று காற்று. வெட்டிய காம்பு வெளியில் கிடக்கும்போது உள்ளே இருக்கிற மெல்லிய குழல்களுக்குள் காற்று ஏறி நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் அது ஏறாது. அதனால் ஒரு டப்பில் தண்ணீர் பிடித்து, காம்பை அதற்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, அடியில் இரண்டு விரல்கடை அளவுக்குச் சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் ஜாடியின் அடியில் காம்பு தட்டையாக ஒட்டிக்கொள்ளாது. மொக்கைக் கத்திரிக்கோல் வேண்டாம், அது வெட்டுவதற்கு முன் நசுக்கிவிடும். காய் நறுக்குகிற சின்னக் கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். காம்பைச் சுத்தியலால் தட்டி வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. நசுங்கின காம்பு சீக்கிரம் அழுகும். தட்டாதீர்கள்.

இரண்டாவது அடைப்பு கிருமி. இதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். மூன்று நாள் தண்ணீர் மாற்றாத ரோஜாவை எடுத்து அடிக்காம்பை விரலால் தடவுங்கள். நறுக்கின வெண்டைக்காய் மாதிரி வழவழக்கும், முகர்ந்தால் சாக்கடை வாடை வரும். அந்தக் கொழகொழப்பு குழல் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. ஜாடி நிறைய தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் தலை தொங்கும். எனவே தண்ணீருக்குள் மூழ்குகிற இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, முதலில் அழுகுவது இலைதான். மேலே இரண்டு மூன்று இலை போதும். முள்ளை எடுக்கும்போது காம்பின் தோல் உரியாமல் பாருங்கள், உரிந்த இடமும் கிருமிக்கு வாசல்தான். ஜாடியையும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு, பாட்டில் பிரஷ் விட்டுத் தேயுங்கள். நான் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் வைக்கிறேன். பித்தளைச் சொம்பு அழகுதான், ஆனால் அடுத்துச் சொல்லப்போகிற கலவைக்கு ஆகாது.

கலவை இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, வெள்ளைத் துணிக்குப் போடுகிற ப்ளீச் திரவம் கால் டீஸ்பூன். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, மொட்டு விரிய அது வேண்டும். ஆனால் கிருமிக்கும் அதே சர்க்கரைதான் விருந்து. அதனால் ப்ளீச் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால், சும்மா தண்ணீரில் வைத்ததைவிட மோசமாகிவிடும். எலுமிச்சையின் புளிப்பு இருந்தால் தண்ணீர் காம்பில் சுலபமாக ஏறும். ஒரு எச்சரிக்கை: எலுமிச்சைச் சாற்றையும் ப்ளீச்சையும் ஒரே கரண்டியிலோ கிண்ணத்திலோ நேராகக் கலக்கவே கூடாது, மூச்சை அடைக்கிற வாயு கிளம்பும். முழு லிட்டர் தண்ணீரில் முதலில் ஒன்றைக் கரைத்துவிட்டு, பிறகு மற்றதை விடுங்கள். தண்ணீரில் செம்புக் காசு, ஆஸ்பிரின் போடச் சொல்கிறவர்களும் உண்டு, அதையும் இரண்டு பாட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

எந்தத் தண்ணீர் என்பதும் கேள்விதான். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் தட்டும். உப்புத் தண்ணீரில் பூவின் ஆயுள் குறையும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் பூவுக்கென்று எடுத்து வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். ரோஜாவுக்கு முதல் தடவை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் நன்றாக உறிஞ்சும். அதற்காக மே மாதம் மத்தியானம் சின்டெக்ஸ் டேங்கிலிருந்து நேராகப் பிடித்துவிடாதீர்கள். அது வெதுவெதுப்பு இல்லை, ரசம். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, அடிக்காம்பைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் தினமும் செய்ய வேண்டும்.

வைக்கிற இடம்: வெயில் விழுகிற ஜன்னல், டிவி மேல், ஃபேனுக்கு நேர் கீழ் எதுவும் வேண்டாம். ஃபேன் காற்றில் இதழ் விடுகிற ஈரத்துக்குக் காம்பால் ஈடுகொடுக்க முடியாது. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, ஜாடியை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலைக்கு மாற்றிவிடுவேன். எங்கள் வீட்டில் அது பாத்ரூம் பக்கத்து நடை. விருந்தாளி வந்தால் ஹாலுக்கு வரும்.

மாம்பழம் இருக்கிற அறையில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு வைகாசியில் கட்டிலுக்கடியில் வைக்கோல் போட்டு ஒரு கூடை பங்கனப்பள்ளி பழுக்க வைத்திருந்தோம். அதே அறை மேஜையில் கார்னேஷன். மறுநாள் காலையில் இதழெல்லாம் உள்பக்கம் சுருண்டு தூங்குகிற மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரை மாற்றினேன், காம்பை வெட்டினேன், எழும்பவே இல்லை. பழுக்கிற பழம் எத்திலீன் என்கிற வாயுவை விடுகிறது. பழத்தைப் பழுக்கவைக்கிற அதே வாயு பூவை வயதாக்கிவிடும், கார்னேஷனுக்கு அது அறவே ஆகாது. வாழைத்தார், ஆப்பிள் பக்கத்திலும் அப்படித்தான். வாடின பூவும் அதை விடும் என்பதால், ஜாடியில் ஒன்று வாடினால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஜெர்பராவுக்கு மட்டும் தண்ணீர் குறைவாக, நாலு விரல் உயரத்துக்கு. அதன் காம்பில் மெல்லிய ரோமம் இருக்கும், நிறைய மூழ்கினால் சீக்கிரம் அழுகி நடுவில் மடங்கும். மேடையில் நிமிர்ந்து நிற்பதற்குக் காம்பில் ஜூஸ் ஸ்ட்ராவை மாட்டியிருப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். சம்பங்கி கீழிருந்து மேலே விரிகிற பூ. கீழே வாடினதைக் கிள்ளி எடுத்து, நுனியில் கடுகு மாதிரி இருக்கிற மொட்டுகளையும் கிள்ளிவிட்டால் நடுவில் இருப்பவை நன்றாக விரியும்.

ரோஜா முதல் நாளே கழுத்து மடங்கினால் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். அது காற்று அடைப்பாக இருக்கும். மூன்று விரல்கடை வெட்டி, பூவும் காம்பும் நேராக நிற்கிற மாதிரி நியூஸ்பேப்பரில் இறுக்கிச் சுற்றி, கழுத்துவரை தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பாதிக்குமேல் எனக்குப் பிழைத்திருக்கிறது. ஐந்தாம் நாள் தொங்கினால் விட்டுவிடுங்கள், அது போய்விட்டது.

காம்பில்லாத பூவுக்கு என் மாமியார்தான் வாத்தியார். 1981-ல் ஜலகண்டேசுவரர் லிங்கத்தை எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது பூக் கட்டிக் கொடுத்த கை என்று இன்றைக்கும் பெருமை. நேதாஜி மார்க்கெட்டில் மல்லி வாங்கும்போதே விரியாத மொட்டாக, ஈரம் சொட்டாததாகப் பார்ப்பார். தண்ணீர் தெளித்து வைத்த பூ பார்க்க பளபளக்கும், மறுநாள் பழுத்துவிடும். வாழைநாரில் கட்டுவதானாலும் நாரை நனைத்துப் பிழிந்த பிறகுதான். கட்டினதை வாழையிலையில் தளர்வாகச் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில், மூடிக்கு அடியில் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போட்டு, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைப்பார். ஃப்ரீசர் பக்கம் போகவே கூடாது, இதழ் கண்ணாடி மாதிரியாகிக் கறுத்துவிடும். இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள்கூட மொட்டாகவே இருக்கும். சாயங்காலம் தலையில் வைக்க வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும். சாமந்தியை நியூஸ்பேப்பரில் சுற்றினாலே பல நாள் தாங்கும். மரிக்கொழுந்து ஈரத்தோடு உள்ளே போனால் கறுத்துவிடும்.

டப்பா மூடியை மட்டும் இறுக்கி மூடுங்கள். ஒருநாள் மூடி லேசாகத் திறந்து கிடந்து, மறுநாள் காலை காபியில் மல்லிப்பூ வாசம். மாமியார் ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா, காபிக்குக் கல்யாணமா?" என்றார்.