வைஃபை இருக்கிறது, இணையம் இல்லையா?

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ipconfig (ஐபிகான்ஃபிக்) என்று தட்டுங்கள். ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் கணினிக்கான எண், 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து உங்கள் கணினிக்கு முகவரியே வரவில்லை. முகவரி வழங்கும் அந்த வேலைக்குப் பெயர் டிஹெச்சிபி. ரவுட்டரை அணைத்து 30 விநாடி கழித்துப் போடுங்கள்.

192.168 என்று தொடங்கினால், அதே திரையில் ping 8.8.8.8 என்று தட்டுங்கள்; கூகுளின் சர்வரிடமிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை இது. பதில் வந்தும் தளங்கள் திறக்காவிட்டால் கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்தான். தளப் பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடித் தருவது அது. விண்டோஸின் நெட்வொர்க் அடாப்டர் அமைப்பில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேரின் பொது டிஎன்எஸ்) என்று மாற்றிப் பாருங்கள்.

நீங்களோ இணைய நிறுவனமோ வைக்காத டிஎன்எஸ் எண் ரவுட்டரில் இருந்தால் அலட்சியம் வேண்டவே வேண்டாம். வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போலிப் பக்கம் திறக்கலாம். எண்ணைத் திருத்திவிட்டு, ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது.