"பாவம், அவன் இருக்கட்டும்": சிறுவர் முகாமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஓகஸ்ட் விடுமுறையில் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் இளம் தொண்டர்கள் சிலர் சிறுவர் முகாம் நடத்தினார்கள். ஒரு நாள் முழுக்க அவர்களோடு இருந்தேன். நான் முன்பு செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை. தண்ணீர், தொப்பி, முதலுதவிப் பெட்டி எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். திருகோணமலையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு வேறு பள்ளிக்கூடங்களில்தான் படிக்கிறார்கள். பலர் முதன்முதலாக ஒன்றாக விளையாடுவதே இப்படி ஒரு இடத்தில்தான். அதனால் சின்னப் பிழையும் அவர்கள் மனதில் நெடுநாள் நிற்கும்.

பாவம் பார்த்து ஒதுக்குவது

என் முதல் முகாமுக்கு 10 வயதுப் பையன் ஒருவன் ஊன்றுகோலோடு வந்தான். கோடுகளில் நின்று மறிப்பவர்களிடம் பிடிபடாமல் தாண்டி ஓடும் கிளித்தட்டு விளையாட்டுக்கு உலர்ந்த மணலில் கோடு கீறியிருந்தோம். இரண்டு அடி வைத்ததும் ஊன்றுகோல் புதைந்தது. "பாவம், அவன் இருக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். பூவரச மர நிழலில் கதிரை போட்டு, புள்ளி எழுதச் சொல்லி ஒரு கொப்பியைக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். நான்கு நாளும் அவனுக்கு அதே வேலை. கடைசி நாள் கொப்பியை வாங்கிப் பார்த்தால், இரண்டு கட்சிப் பெயர்களுக்கும் அடியில் தன் பெயரை எழுதி அழித்திருந்தான்.

அடுத்த வருடம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அங்க போய்ச் சும்மா இருக்கிறதுக்கு வீட்டிலேயே இருக்கிறானாம், சேர்" என்றார் தாய். அப்புறம்தான் தெரிந்தது, ஒழுங்கையில் அண்ணன்மாரோடு அவன் கிளித்தட்டு விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மறிப்பவர் தன் கோட்டில் பக்கவாட்டில் மட்டும்தானே போக வேண்டும்? அவன் நிற்கிற கோட்டை மட்டும் அண்ணன்மார் குட்டையாகக் கீறி, இரண்டு முனையிலும் தென்னோலை போட்டு வழியை அடைத்துவிடுவார்களாம். அவ்வளவுதான். அலை தொட்டுப் போகிற ஈரமணல் இறுகியிருக்கும், ஊன்றுகோலும் அவ்வளவாகப் புதையாது. விளையாட்டைப் பத்து அடி தள்ளி வைத்திருந்தால் போதும். "நீ எப்படி விளையாடுவாய்?" என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் அவனே சொல்லியிருப்பான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இந்த முறையும் அதேதான். காது கேட்கும் கருவி போட்ட பிள்ளை ஒருத்தியைத் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் வைத்திருந்தார்கள். கேட்டால், "விசில் கேட்காதே, பாவம்" என்கிறார்கள். விசில் ஊதுகிறவர் மற்றக் கையில் ஒரு சிவப்புத் துணியை ஆட்டினால் போதாதா? பின்னேரம் அப்படிச் செய்தோம். அன்று அதிகம் ஓடியவள் அவள்தான்.

ஒரே அகப்பை

ஹலால் இறைச்சி வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அகப்பையை மறந்துவிடுவார்கள். மீன் கறிக்குப் போட்ட அகப்பை பருப்புக்குள் போனால், சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளை வாய் திறக்காமல் வெறும் சோற்றோடு எழும்பிவிடும். மரக்கறியை முதலில் சமைத்து, தனி அகப்பையோடு தனியாக மூடி வையுங்கள். ஆனால் பாய்களைத் தனித்தனியாகப் போடாதீர்கள், எல்லோரும் ஒரே வரிசையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மரக்கறிச் சாப்பாடு வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஜும்ஆ தொழுகை நேரத்தில் பெரிய விளையாட்டு எதையும் வைக்க வேண்டாம்.

மொழிவாரியாகக் குழு

வேண்டாம். விளையாட்டைச் செய்து காட்டுங்கள்.

தலைவர்மார் ஆள் பிரிப்பது

சீட்டுக் குலுக்குங்கள். கடைசியாக மிஞ்சி நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

"சப்பாத்து கட்டாயம்"

நோட்டீசில் இந்த வரி இருந்தால் செருப்பு மட்டும் உள்ள பிள்ளை வராது.

"முகாம்" என்ற சொல்

சம்பூர்ப் பக்கத்து அம்மம்மா ஒருவரிடம் பேத்தியை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "முகாமா? நாங்கள் இருந்தது காணும்" என்றார். 2006 இல் போரால் இடம்பெயர்ந்து பல வருடங்கள் முகாம்களில் கிடந்தவர்கள் அவர்கள். நான் யோசிக்கவேயில்லை. இப்போது "விடுமுறை விளையாட்டு நாட்கள்" என்றுதான் நோட்டீஸ் அடிக்கிறோம்.

கடலில் இறங்கக் கட்டாயப்படுத்துவது

ஓகஸ்டில் எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாகத்தான் இருக்கும். ஆனாலும் 2004 சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகளில் அந்தப் பயம் பிள்ளைகள் வரைக்கும் இறங்கியிருக்கிறது. "பயந்தாங்கொள்ளி" என்று மற்றப் பிள்ளைகள் கத்தினால் உடனே நிறுத்துங்கள். முழுக்கை, நீளக் காற்சட்டை, தலைத்துணி என எந்த உடுப்போடும் கால் நனைக்கலாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். கரையில் நிற்க விரும்பும் பிள்ளைகளோடு ஒரு பெரியவரும் கரையிலேயே நிற்க வேண்டும், சிப்பி பொறுக்கவோ மணல்வீடு கட்டவோ. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்திருந்தால், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மற்றவர்களுக்குக் காட்டும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.