நார்வேயிலிருந்து கடல் கடந்தோர்: வரலாற்றை எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேஜியரின் குடிபெயர்வைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் 1825 ஜூலையில் ஸ்டாவஞ்சரிலிருந்து 52 பேருடன் நியூயார்க்குக்குப் புறப்பட்ட 'ரெஸ்டாரேஷன்' என்ற சிறு பாய்மரக் கப்பலில் தொடங்குகின்றன. அவர்களுள் அரசு சார்ந்த லூத்தரன் திருச்சபையில் சேராத குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரும் அவர்களைச் சார்ந்தோரும் இருந்ததால், சமய ஒடுக்குமுறையே மக்களை வெளியேற்றியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் தொடர்ச்சியான ஓட்டம் 1836-இல்தான் தொடங்கியது. அடுத்த நூறாண்டுகளில் எட்டு லட்சம் பேர் அளவுக்குச் சென்றதை அந்த ஒரு கப்பலை வைத்து விளக்க முடியாது.

வறுமையை மட்டும் காரணமாகச் சொல்வதும் போதாது. 1801-இல் ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள்தொகை 1865-க்குள் பதினேழு லட்சமாகப் பெருகியது; பண்ணையோ வழக்கப்படி மூத்த பிள்ளைக்கே சேர்ந்தது. எனினும் பரம ஏழைக்குக் கப்பல் கட்டணம் எட்டாக்கனியாகவே இருந்தது. தன் குடியேற்ற நாடுகளின் வணிகத்தில் அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்திய கடல்வழிச் சட்டங்களை 1849-இல் பிரிட்டன் நீக்கியபின், கனடாவின் கியூபெக்கிலிருந்து மரம் ஏற்றிவரச் சென்ற நார்வேக் கப்பல்கள் போகும் வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டன. பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்த உறவினர் முன்கூட்டியே பணம் கட்டி அனுப்பிய பயணச்சீட்டுகளும் பலருக்கு வழி திறந்தன.

இவற்றைவிடப் பெரிய பிழை, குடியேறியவர்கள் வெற்று நிலத்தைப் பண்படுத்தினார்கள் என்று எழுதுவதுதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் அமெரிக்க அரசுடனான 1851-ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள். ஐந்தாண்டுகள் குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் வழங்கிய சட்டம் 1862-இல் வந்தது. அதே ஆண்டில் அரசு வாக்குறுதி செய்த பணமும் உணவும் கிடைக்காமல் பசியில் வாடிய டகோட்டாக்கள் போரில் இறங்கினர். குடியேறிய நார்வேஜியர் சிலரும் அதில் கொல்லப்பட்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டிசம்பரில் மன்கேட்டோவில் 38 டகோட்டாக்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டதையும், எஞ்சியோரில் பெரும்பாலோர் மாநிலத்தை விட்டே விரட்டப்பட்டதையும் சொல்லாமல் குடியேறியவர்களின் இழப்பை மட்டும் சொல்வது பாதி வரலாறு. வடக்கு டகோட்டா மாநிலத்தில் டகோட்டாக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஸ்பிரிட் லேக் நிலம் 1904-இல் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டபோதும் அதைப் பெற்றவர்களுள் நார்வேஜியர் இருந்தனர். தனித்து வாழ்ந்த பெண்களும் தம் பெயரில் நிலம் வாங்கினார்கள். தாயகத்தில் நிலமற்றிருந்தவர்கள் இன்னொரு மக்களின் நிலத்தில் உடைமையாளர் ஆனதை, வஞ்சகம் என்றோ வீரம் என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது.

போனவர்கள் திரும்பவே இல்லை என்ற எண்ணமும் தவறு. நார்வேயின் 1920-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் பதிவாயினர். நார்வேயின் தென்கோடியிலுள்ள அக்டர் பகுதியில் சம்பாதிக்கச் சென்று மீள்வது இயல்பான வழக்கமாகவே இருந்தது.

கடல் கடந்தது என்றாலே அமெரிக்கா என்று கொள்வதையும் விட்டுவிட வேண்டும். ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு 1880-களின் தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களும், 1882-இல் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் மார்பர்க்கில் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் நிலம் பெற்றவர்களும், 1904-இல் தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கெனில் திமிங்கில வேட்டைத் தளம் அமைத்தவர்களும் இதே வரலாற்றில் அடங்குவர். எண்ணிக்கையை அப்படியே நம்புவதும் ஆபத்து: குடிபெயர்வோரைப் பதிந்த நார்வேக் காவல்துறையின் பதிவேடுகள் பயணச்சீட்டு வாங்கிப் புறப்பட்டவர்களையே காட்டும், கப்பலில் வேலைக்குச் சேர்ந்து அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறங்கித் தலைமறைவான மாலுமிகள் அவற்றில் இடம்பெறவே இல்லை.