குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: நாம் செய்யும் தவறுகள்

“கைக்குழந்தையின் மலத்தில் என்ன அழுக்கு இருக்கப்போகிறது” என்று நினைப்பதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தொற்றிய குழந்தையின் மலத்தில் கிருமிகள் கோடிக்கணக்கில் வெளியேறும். அடுத்த குழந்தைக்குத் தொற்ற அதில் கண்ணுக்கே தெரியாத அளவு போதும்.

டயப்பர் மாற்றும் நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். குழந்தை உதைக்கும். ஒரு கையால் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைப்போம். அதற்குள் அழ ஆரம்பித்துவிடும். உடனே அதே கையால் பால் பாட்டிலின் மூடியைத் திறந்து வாயில் வைத்துவிடுவோம். கிருமி உள்ளே போவது இப்படித்தான். அரை நிமிடம் அழுதால் பரவாயில்லை, கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

கழுவுவது என்றால் தண்ணீரில் நனைப்பது அல்ல. சோப்பு போட்டு, விரலிடுக்கு, நகம், கட்டைவிரல் எல்லாம் படும்படி 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். அழுக்குக் கையால் திறந்த குழாயைக் கழுவிய கையால் அப்படியே மூடினால் கிருமி திரும்ப ஒட்டிக்கொள்ளும். குழாய்ப் பிடியிலும் சோப்பு போட்டுவிடுங்கள். மலம் பட்ட கைக்கு சானிடைசர் போதாது. தவழும் குழந்தைக்கு நகத்தை ஒட்ட வெட்டி, சாப்பிடும் முன் அதன் கையையும் கழுவுங்கள்.

சரி, குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. அப்போது பலர் செய்வது, குடித்தால் இன்னும் போகும் என்று எல்லாவற்றையும் நிறுத்துவது. இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. குழந்தையின் உயிருக்கே ஆபத்தாவது உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலத்தை முழுவதும், அதில் அச்சிட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொடியைக் கண்ணளவாகக் கலப்பதும், ருசிக்குச் சர்க்கரை சேர்ப்பதும் தவறு. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். கரைத்து 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் துத்தநாக (ஜிங்க்) மருந்து எழுதித் தந்தால், இரண்டே நாளில் சரியானாலும் அவர் சொன்ன 10 முதல் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குடிக்கக்கூட முடியாத சோர்வு: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள், விழுங்க முடியாத குழந்தையின் வாயில் மட்டும் ஊற்றாதீர்கள்.