ஐடி ஃபண்ட் வாங்குமுன் ஒரு மண்டிக் கணக்கு

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக் கணக்கு எழுதுகிறவன் நான். தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு வருகிறவர் போன வருஷக் காய்ப்பை மட்டும் விசாரித்தால், ஆள் புதுசு என்று தெரிந்துவிடும். மாமரம் ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் கையை விரிக்கும். இதெல்லாம் தெரிந்த நானே 2021 டிசம்பரில் ஏமாந்தேன். வங்கியில் ஒருவர் 'ஒரு வருஷ லாபம், அஞ்சு ஸ்டார்' என்று ஒரு தாளை நீட்டினார். ஐடி கம்பெனிப் பங்குகளையே வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்ட் அது, டெக்னாலஜி ஃபண்ட் என்பார்கள். அதில் 2 லட்சத்தை மொத்தமாகப் போட்டேன். அந்த வருஷம், பெரிய ஐடி கம்பெனிப் பங்குகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் நிஃப்டி ஐடி குறியீடே 60 சதவீதம் போல ஏறியிருந்தது. 2022ல் அது கால்வாசி கரைந்தது.

அதனால் லாபத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஃபண்ட் கம்பெனி மாதாமாதம் வெளியிடும் விவரத்தாளான ஃபேக்ட் ஷீட்டில் பெஞ்ச்மார்க் என்று ஒரு வரி இருக்கும், ஃபண்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குறியீடு அது. சில ஃபண்டுக்கு நிஃப்டி ஐடி, சிலதுக்கு பிஎஸ்இ டெக். இரண்டாவதில் ஏர்டெல் மாதிரி போன் கம்பெனியும் சேர்த்தி, அதனால் இரண்டு ஃபண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பக்கத்தில் டிஆர்ஐ என்று போட்டிருந்தால் டிவிடெண்டும் சேர்ந்த கணக்கு. அந்தக் குறியீட்டை உங்கள் ஃபண்ட் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். 5 வருஷ ரோலிங் ரிட்டர்ன் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தத் தேதியில் போட்டிருந்தாலும் என்ன வந்திருக்கும் என்று அது காட்டும்.

ஸ்டாருக்கு ரொம்ப மயங்க வேண்டாம். ஃபண்டுகளுக்கு ஸ்டார் போடும் மார்னிங்ஸ்டார் கம்பெனியின் கணக்கில், ஒரே வகை ஃபண்டுகளில் ரிஸ்க்கையும் சேர்த்துப் பார்த்து முதல் 10 சதவீதத்துக்கு 5 ஸ்டார். 3 வருஷம் ஆகாத ஃபண்டுக்கு ஸ்டாரே கிடையாது. செந்தூராக் கூடைகளில் இது நல்ல கூடை என்பதுதான் அதன் அர்த்தம். இந்த வருஷம் செந்தூராவுக்கு விலை உண்டா என்பது வேறு பேச்சு.

செலவில்தான் நான் நிறைய நேரம் உட்கார்ந்தேன். மண்டிச் சீட்டில் கமிஷன், கூலி எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கும். ஃபண்டில் அப்படிச் சீட்டே வராது, தினமும் என்ஏவியிலேயே, அதாவது ஒரு யூனிட்டின் விலையிலேயே, கழித்துவிடுவார்கள். வருஷத்துக்கு எத்தனை சதவீதம் செலவாகக் கழிக்கிறார்கள் என்று சொல்லும் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்ற எண்ணைத் தேடிப் பிடியுங்கள். 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டிலும் டைரக்ட் திட்டம் உண்டு, அதில் தரகர் கமிஷன் இல்லை. எனக்கு விற்றது கமிஷன் சேர்ந்த ரெகுலர் திட்டம். வித்தியாசம் 1 சதவீதம்தானே என்று தோன்றும். 1 லட்சத்தை 15 வருஷம் விட்டு வைத்தால் 12 சதவீதத்தில் சுமார் 5,47,000, 11 சதவீதத்தில் 4,78,000. நடுவில் போவது 69,000 ரூபாய்.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறினால் விற்று வாங்கியதாகத்தான் கணக்கு. சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடின் காலம் முடிந்ததா என்று பாருங்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால் வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

இன்னொன்று, என் மகன் ஓசூரிலிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஐடி வேலைக்குப் போகிறான். வீட்டுச் சம்பளமே ஐடியில்தான் இருக்கிறது. ஐடி படுத்தால் வேலையும் ஆடும், ஃபண்டும் ஆடும். அதனால் கொஞ்சம் மட்டும் டைரக்டில் வைத்துக்கொண்டு, மீதியை, பல துறைகளின் 50 பெரிய கம்பெனிப் பங்குகளை அப்படியே வாங்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றிவிட்டேன்.

அந்த வங்கிக்காரர் போன வாரமும் கூப்பிட்டார். இப்போது செமிகண்டக்டர் (சிப்) ஃபண்டாம். ஃபேக்ட் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் சார் என்றேன். இன்னும் வரவில்லை.