டிரம்முல ரிப்ஸ தொங்கவிட்டு சுடுறது எப்படி, நம்ம மொட்டை மாடி ஸ்டைல்ல

பழைய டிரம்ம வாங்கி அதுல பன்னி ரிப்ஸ, அதான் விலா எலும்போட இருக்குற கறிய, தொங்கவிட்டு சுடணும்னு நம்ம ஏரியாலயே நெறய பேரு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, அதான் முழுசா எழுதிடுறேன். மசாலா, சாஸ் எல்லாம் அப்புறம். மொதல்ல ஒன்னு மண்டைல ஏத்திக்கோங்க, டிரம்முல சூட்ட ஏத்தி எறக்குறது கரி இல்ல, காத்து போற ஓட்டை தான். அத புடிச்சிட்டா மிச்சம் எல்லாம் ஈஸி.

காயலாங்கடைல 200 லிட்டர் டிரம் கெடைக்கும், ஆனா உள்ள இன்னா இருந்துச்சுன்னு கேக்காம வாங்காதீங்க. சமையல் எண்ணெய் வந்த டிரம்முனா சோக்கு. கெமிக்கல் டிரம்ம மணலி பக்கத்துல எவனாவது சும்மா குடுத்தா கூட வேணாம். மூடி தனியா கழட்டி வளையம் போட்டு டைட் பண்ற டைப்பா பாருங்க. உள்ள பெயிண்ட் பூச்சு இருந்தா விறகு போட்டு நல்லா எரிச்சு தேச்சு எடுத்துட்டு தான் சமையல். ஜிங்க் பூசின கம்பி, வலை எதுவும் உள்ள போகக்கூடாது, சூட்டுல அது விடுற புகை உடம்புக்கு ஆவாது.

வெல்டிங் கடைல குடுத்து அடில ரெண்டு இஞ்ச் மேல சுத்தி நாலு ஓட்டை, முக்கால் இஞ்ச் போதும், ஒவ்வொன்னுக்கும் மூடித் தொறக்குற மாதிரி ஒரு தகடு. மேல மூடில ரெண்டு இஞ்ச் ஓட்டை ஒன்னு, அது சுடும்போது எப்பவுமே தொறந்து தான் இருக்கணும். மேல் விளிம்புக்கு கொஞ்சம் கீழ குறுக்க ரெண்டு இரும்புக் கம்பி, கொக்கி மாட்டுறதுக்கு. அடில கரி போட ஒரு வலைக் கூடை, சாம்பல் விழ அதுக்கு கீழ மூணு இஞ்ச் கேப் விடுங்க, இல்லன்னா பாதில காத்து அடைச்சி நெருப்பு படுத்துடும்.

கறி வாங்குறதுல தான் பாதி பேஜார். நம்ம ஊர்ல ரிப்ஸ்னு வாய தொறக்கறதுக்குள்ள கத்தி கட்டைல விழுந்து பீஸ் பீஸா ஆயிடும். அதனால போன உடனே "அண்ணே வெட்டாத, முழுசா அப்படியே குடு, தோலு வேணாம், மேல கொழுப்பு லைட்டா இருக்கட்டும்"னு சொல்லிடுங்க, அவரு ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல. வீட்டுக்கு வந்து எலும்பு பக்கம் ஒட்டிட்டு இருக்குற ஜவ்வ உரிக்கணும். ஒரு ஓரத்துல ஸ்பூன் காம்ப விட்டு நெம்பி, வழுக்காம இருக்க துணியால புடிச்சி இழுத்தா ஒரே இழுல வந்துடும். அப்புறம் கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன் உப்பு, கைநெறய இடிச்ச மிளகு, கொஞ்சம் மிளகாத்தூள், பூண்டு. இஞ்சி பூண்டு பேஸ்ட்ட அப்பாதீங்க, ஈரமா இருந்தா மேல நல்ல கருகல் தோலு கட்டாது.

கரிக்கு நம்ம சீமைக்கருவேலம் போதும், ராமநாதபுரம் சிவகங்கை பக்கம் சுடுறது, இஸ்திரி வண்டிக்காரங்க போடுற கரி தான். டெக்சாஸ்காரன் பார்பிக்யூக்கு பெருமையா பேசுற மெஸ்கீட் மரமும் இதுவும் ஒரே குடும்பம், நாம தான் அத வேலிமரம்னு திட்டிட்டு இருக்கோம். கூடைல மூணு நாலு கிலோ ரொப்பி நடுவுல குழி பண்ணுங்க. தனியா ஒரு ஓட்டை போட்ட தகர டின்ல கொட்டாங்குச்சி வச்சி கால்வாசி கரிய சாம்பல் பூக்குற வரைக்கும் பத்த வச்சி அந்தக் குழில கொட்டுங்க. மண்ணெண்ணெய் ஊத்துனா கறி முழுக்க அந்த நாத்தம் தான். ஆரம்பத்துல வெள்ளையா அடர்த்தியா புகை வரும், அது மெலிசாகி நீல கலர்ல மாறுற வரைக்கும் கறிய மாட்டாதீங்க.

டிரம்முக்குள்ள சூடு 110 டிகிரி செல்சியஸ் தொடும்போதே அடி ஓட்டைங்கள மூட ஆரம்பிங்க, ஏன்னா ஏறின சூட்ட டிரம்முல எறக்குறது ரொம்ப கஷ்டம். 120ல இருந்து 135க்குள்ள நின்னா போதும். காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் இருக்குறவங்க இன்னொன்னு கவனிங்க, மதியத்துக்கு மேல கெழக்கால இருந்து கடக்காத்து வீச ஆரம்பிச்சதும் அந்தப் பக்க ஓட்டைல நேரா பூந்து கரிய ஊதி விட்டுடும், அதனால கெழக்கு பக்க ஓட்டைய மூடிட்டு எதிர்ப்பக்கம் தொறங்க. மூடின ரூம்ல மட்டும் இத செய்யவே கூடாது, கரிப்புகை ஆள தூக்கிடும்.

கொக்கி மாட்டுறது: தடிமனான முனைல இருந்து ரெண்டாவது இல்ல மூணாவது எலும்புக்கு கீழ குத்துங்க, எலும்பு கொக்கி மேல உக்காரணும். வெறும் சதைல மாட்டுனா வெந்து இளகினதும் கிழிஞ்சி நெருப்புல விழும். பெரிய ரிப்ஸுக்கு ரெண்டு கொக்கி. ஒன்னோட ஒன்னு ஒட்டாம தொங்கவிட்டு மூடிடுங்க. கொழுப்பு உருகி கனல் மேல சொட்டி அதுல எழும்புற புகை தான் டேஸ்டே, அதுக்காகத் தான் நடுவுல தட்டு, தண்ணி எதுவும் வைக்குறதில்ல. சும்மா சும்மா தொறந்து பாக்காதீங்க, தொறந்தா காத்து பூந்து கொழுப்பு பத்திக்கும், அப்படி பத்திக்கிட்டா மூடிய மூடுனாலே அணைஞ்சிடும்.

ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல ஒரு தடவ பாருங்க. கீழ் முனை கருக்குதுனா தலைகீழா மாட்டுங்க. எலும்பு நுனில சதை சுருங்கி அரை இஞ்ச் போல வெளிய தெரியணும், இடுக்கில நடுவுல புடிச்சி தூக்குனா வளைஞ்சி மேல்பக்கம் வெடிப்பு விடணும். தெர்மாமீட்டர் இருந்தா கறிக்கு உள்ள 90ல இருந்து 95. மொத்தம் மூணுல இருந்து நாலு மணி நேரம், சின்ன பன்னினா முன்னாடியே ஆயிடும். வெல்லம், புளி, மிளகா கலந்த சாஸ் வேணும்னா கடைசி இருபது நிமிஷத்துல தடவுங்க, முன்னாடியே தடவுனா வெல்லம் கருகி கசக்கும். எறக்கி பத்து நிமிஷம் வச்சிட்டு எலும்பு பக்கம் மேல இருக்குற மாதிரி திருப்பிப் போட்டு வெட்டுங்க, எங்க வெட்டுறதுன்னு கண்ணுக்கு தெரியும்.

முடிஞ்சதும் எல்லா ஓட்டையையும் அடைச்சிடுங்க, மேல் ஓட்டையும் சேத்து. மிச்ச கரி அணைஞ்சி அடுத்த வாட்டிக்கு ஆவும். சாம்பல மறுநாள் ஆறுன அப்புறம் தான் குப்பைல கொட்டணும். நம்ம பக்கம் உப்புக்காத்துல இரும்பு சீக்கிரம் துருப்புடிக்கும், டிரம் லேசா சூடா இருக்கும்போதே வெளிய எண்ணெய் தடவி தார்ப்பாய் போட்டு மூடி வைங்க.